மூன்று நாள் அப்பாக்களும் சட்டத்துக்கு வெளியே நிற்கும் அம்மாக்களும்

வேலை நேர்முகத்துக்குப் போய்வந்த எங்கள் சீனியர் அக்காமார் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லுகினம்: "கலியாணம் எப்ப?" கூடப் போன அண்ணாமாரிடம் அதை ஒருத்தரும் கேட்கவில்லை. இது கேட்டவரின் வாய்க்கொழுப்பு மட்டும் எண்டு விட்டுவிட நாங்கள் தயாரில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதியது எங்கட சட்டம்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் தனியார் துறைப் பெண்களுக்கு 84 நாள் சம்பளத்துடனான விடுமுறை தருகின்றன. மூன்றாவது பிள்ளை எண்டால் 42 நாள்தான் என்ற அநியாயம் 2018 திருத்தத்தோடு ஒழிந்தது. நல்லது. ஆனால் அந்தச் சம்பளம் முழுக்க வேலை கொடுத்தவரின் தலையில். அப்ப அவர் என்ன செய்வார்? பெண்ணை எடுக்காமலே விடுவார். இத்தனைக்கும், இந்தச் செலவைத் தனியொரு தொழில்தருநரின் பொறுப்பாக்கக் கூடாது எண்டு சொல்லும் சர்வதேச தொழில் தாபனத்தின் 103ஆம் இலக்க சமவாயத்தை இலங்கை 1993இலேயே ஏற்றுக்கொண்டது.

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் வேறு. அடுத்த வீட்டில் சமைத்து, துவைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு இந்த 84 நாள் எங்கே? மான்பவர் ஊடாக வர்த்தக வலயத்தில் நாட்சம்பளத்துக்கு நிற்பவளுக்குத் தன் முதலாளி யார் எண்டே தெளிவில்லை. அவள் யாரிட்டப் போய்க் கேட்பாள்?

அப்பாமாருக்கோ, அரச வேலையென்றால் மூன்று நாள். தனியாரில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. பிள்ளை வளர்ப்பது தாயின் வேலை எண்டு ஊர் சொல்வது போதாதென்று, சட்டமும் சேர்ந்து சொல்கிறது.

"சின்னக் கடைக்காரர் இதையெல்லாம் எப்படித் தாங்குவார்?" எண்டு கேட்பினம். நியாயமான கேள்விதான். அவர் தனியாகத் தாங்கக் கூடாது என்பதுதான் எங்கள் வாதமும். ஈ.ரி.எவ்.வுக்கு ஒவ்வொரு ஊழியருக்கும் 3 வீதம் தொழில்தருநர் கட்டுகிறார். ஆணா பெண்ணா எண்டு பார்ப்பதில்லை. அதேபோல மகப்பேற்றுக்கும் ஒரு பொது நிதி வேண்டும். எல்லாருக்காகவும் எல்லாத் தொழில்தருநரும் கட்டட்டும், அரசும் போடட்டும். நாட்கூலிப் பெண்ணும் வீட்டு வேலைப் பெண்ணும் அதிலிருந்தே எடுக்கட்டும். அப்பாவுக்கும் உரிய நாட்கள் அதிலிருந்தே போகட்டும். பெண்ணை வேலைக்கு எடுப்பது அப்போது ஒருத்தருக்கும் மேலதிகச் செலவு இல்லை.

இன்னும் ஒன்றிரண்டு வருசத்தில் நாங்களும் வேலை தேடி வெளியே வருவோம். தொழிற்சங்கங்களிடமும், வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடமும் இதை இப்போதே கேட்போம். பிள்ளை பெறுவது சலுகை கேட்கிற விசயம் இல்லை.