கல் படுக்கையில் யார் பெயர்?

போன டிசம்பரில் மும்பையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். போரிவலியில் வீடு. பக்கத்திலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அந்தக் காட்டுக்குள் இருக்கின்றன கன்னேரி குகைகள். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன்தான் எனக்கு வழிகாட்டி.

மலைப் பாறையைக் குடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். துறவிகளுக்குக் கல் திண்ணை, மழைநீர் பிடிக்கக் கல் தொட்டி, கூடித் தொழப் பெரிய மண்டபம். சுமார் ஆயிரம் ஆண்டுகள் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கல்யாண், சோபாரா ஊர் வணிகர்கள் கொடுத்த கொடைகளைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

"தாத்தா, உங்க திண்டுக்கல்லுல இப்படி ஏதாச்சும் இருக்கா?"

"பூட்டும் பிரியாணியும்தான்டா இருக்கு" என்று சிரித்துச் சமாளித்தேன்.

அறுபது வருஷமாக இந்த மாவட்டத்தில் இருப்பவன் சொல்லுகிற பதிலா அது? ஊர் திரும்பியும் உறுத்தியது. விசாரித்தபோது வெட்கமாகப் போய்விட்டது. வைகைக் கரையில் அணைப்பட்டி ஆஞ்சநேயரைக் கும்பிட எத்தனையோ சனிக்கிழமை போயிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில், மேட்டுப்பட்டி சித்தர்மலையில் இரண்டாயிரம் வருஷத்துக் கல் படுக்கைகள் இருக்கின்றன!

மே லீவில் பேரன் வந்ததும் கிளம்பிவிட்டோம். நிலக்கோட்டையில் பூ மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த அதிகாலை. வெயில் ஏறுமுன் மலை ஏறினோம்.

கன்னேரி போலப் பிரம்மாண்டம் எதுவும் இங்கே இல்லை. இயற்கையான பாறை இடுக்கு. தரையை வழவழப்பாகச் செதுக்கி, வரிசையாகப் படுக்கைகள். தலை வைக்கத் தலையணை போலக் கல்லிலேயே சின்ன மேடு. பேரன் கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான். மங்கலாகத் தமிழி எழுத்துகள் தெரிந்தன.

இந்த மாதிரிக் குகைகளை ஆரம்பத்தில் ஆய்வாளர்கள் பௌத்தக் குகைகள் என்றே நினைத்தார்கள். காரணம் இருக்கிறது. இலங்கையில் இதே போன்ற குகைகளில் பிராமி எழுத்துகள் உண்டு. அவை பௌத்தத் துறவிகளுக்கு உரியவை. கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் இந்த எழுத்துகளின் மொழி தமிழ் என்று எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் போன்றவர்கள் அதைத் தொடர்ந்து வாசிக்க வாசிக்க, இவை பெரும்பாலும் சமணத் துறவிகளுக்கானவை என்று தெளிவாயிற்று. சித்தர்மலையில் 'அமணன்' என்ற சொல்லே இருக்கிறது. சமணன் என்று அர்த்தம். கூடவே 'மதிரை'. வேறெது, நம் மதுரைதான்!

சேந்தன், வேள் என்று பெயர்களும் இருக்கின்றன. படித்துச் சொன்னதும் பேரன் கீழே கிடந்த கூரான கல்லை எடுத்தான்.

"நானும் என் பேர எழுதட்டுமா தாத்தா?"

"கூடாதுடா."

"அவங்க மட்டும் எழுதியிருக்காங்க?"

நியாயமான கேள்வி. கொஞ்சம் யோசித்துச் சொன்னேன். "ஊர் விட்டு ஊர் நடந்து வந்த சாமியாருங்க வெயில்லயும் மழையிலயும் தங்குறதுக்காகப் பாறையை வெட்டிக் குடுத்தாங்க. அப்படி வெட்டின படுக்கையிலதான் பேரையும் வெட்டியிருக்காங்க. நீ என்ன குடுத்தே?"

கல்லைக் கீழே போட்டுவிட்டான். எனக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது.

மறுநாள் அவனைத் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. கல்லூரி நாளில் நண்பர்களோடு ஏறி, ஒரு சுவரில் ஆணியால் என் பெயரைக் கீறியிருந்தேன். தேடினேன். அப்படியே இருந்தது.

"தாத்தா, நீங்க என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலடா. கோட்டைக்குக் காயம்தான் குடுத்தேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள எத்தனையோ குன்றுகளில் பெயின்ட்டில் காதலர் பெயர்கள் இருக்கின்றன. ஒரு கீறல் பழைய எழுத்தின் மேல் விழுந்தால், இரண்டாயிரம் வருஷம் தாங்கிய பெயர் ஒரே நிமிஷத்தில் போய்விடும். பிறகு யார் வாசித்துச் சொல்வது?

நீங்களும் குடும்பத்தோடு போய்வாருங்கள். காலையிலேயே ஏறிவிடுங்கள். தண்ணீர் கையோடு இருக்கட்டும். எழுத்தின் மேல் சாக்பீஸ், மாவு எதுவும் தேய்க்காதீர்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினாலே தெரியும்.

அடுத்த லீவுக்குப் பழநிப் பக்கம் ஐவர்மலை. அங்கே கி.பி. 870-ல் சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி பழைய திருமேனிகளைப் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் ஒரு துறவியின் சாப்பாட்டுக்கும் 505 காணம் பொன் வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

இப்போதே போனில் பேரன் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவ நாமளும் ஏதாச்சும் குடுப்போம் தாத்தா. பெரிய பை ஒண்ணு எடுத்துட்டு வர்றேன். மலையில கெடக்குற பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்கலாம்."