வெள்ளையடித்தால் நஞ்சு போகாது

ஆலையை மூடியாயிற்று, எந்திரங்களைக் கழற்றி விற்றாயிற்று. இனித் தண்ணீரடித்துப் பெருக்கி, வெள்ளையடித்தால் கிடங்காகவோ பள்ளியாகவோ வாடகைக்கு விடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை.

உற்பத்தி நின்றால் நஞ்சும் தீர்ந்துவிடும் என்பது முதல் வாதம். கொடைக்கானலுக்குப் போனால் அது பொய் என்று தெரியும். அங்குள்ள மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய 7.4 டன் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தது வெளியே வந்ததும், இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. ஆனால் வளாகத்து மண்ணில் ஊறிய பாதரசம் அங்கேயே இருந்தது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை மிச்சம் வைக்கலாமா என்ற சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்த அளவு மிக அதிகம் என்று சூழலியலாளர்கள் வாதிட்டார்கள். ஆலையை ஒட்டியிருப்பது பாம்பார் சோலை. அதன் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. ஆகவே சூழலியலாளர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது.

கழுவினால் போய்விடும் என்பது அடுத்தது. பாதரசம் சிமென்ட் விரிசலிலும் மரப்பலகை இடுக்கிலும் மணிமணியாக இறங்கி, சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமோ மணமோ கிடையாது. விளக்குமாறு அதை இன்னும் சிறிய மணிகளாகச் சிதறடிக்கும், ஆவி கூடும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை 1994இல் மூடப்பட்டது. நஞ்சு நீக்கப்படாத அந்தக் கட்டடத்தில் 2004இல் குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். 2006இல் அதை மூடியபோது, சோதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் உடலில் பாதரசம் இயல்பைவிடக் கூடுதலாக இருந்தது. பத்தாண்டு சும்மா கிடந்தும் அந்தக் கட்டடம் சுத்தமாகவில்லை.

இதெல்லாம் ரசாயன ஆலைகளுக்குத்தானே என்பவர்கள் நார்த்தாமலையைப் பார்க்கட்டும். விஜயாலய சோழீச்சரம் நிற்கும் அந்தக் குன்றுகளின் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. உடைக்கும்போது நுண்ணிய சிலிக்கா தூசியாகிறது. கிரஷர் ஷெட்டின் உத்தரத்திலும் மூலையிலும் படிந்த தூசியை உலர்வாகப் பெருக்கினால், பெருக்குகிறவரின் நுரையீரலுக்குள் போகும். சிலிக்கோசிஸ் வந்தால் குணமாக்க மருந்தில்லை. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைச் சுத்தியலால் அடித்து உடைப்பது இன்னொரு கேடு. நனைத்து, முழுதாகக் கழற்றி இறக்க வேண்டும்.

செலவு அதிகமாகும் என்பதுதான் கடைசி வாதம். நியூ ஜெர்சியில் அந்தக் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. கொடைக்கானலில் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனத்துக்கு உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. முன்கூட்டியே சோதிக்க ஆகும் செலவு இவற்றின் முன் சொற்பம்.

பழைய ஆலையை வாங்குகிறவர்களும் வாடகைக்கு எடுக்கிறவர்களும் அங்கே முன்பு என்ன செய்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். தரை, மண், காற்று மூன்றையும் சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை கொத்தனாரை உள்ளே அனுப்பாதீர்கள்.