4கே திரை: தேவையா, மோகமா?

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பிடிபிடிஎன் கடனுதவி வங்கிக் கணக்கில் சேர்ந்த மறுவாரமே எங்கள் விடுதி வாசலில் பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து இறங்குகின்றன. முன்பு புதுக் கைத்தொலைபேசி. இப்போது கணினித் திரை. அதுவும் '4கே', '144 ஹெர்ட்ஸ்', '1 மில்லி விநாடி', 'எச்டிஆர்' என்று பெட்டி முழுக்க எண்கள் மின்னும் விளையாட்டுத் திரை!

கணினி விளையாட்டே வீண் என்று பெரியவர்கள் சொல்வதை இங்கே நான் திருப்பிச் சொல்ல வரவில்லை. நானும் இரவு வெகுநேரம் விளையாடுகிறவன்தான். என் கருத்து வேறு. நம்மில் பலர் திரையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை இயக்கப் போகும் கணினியைப் பற்றிப் பிறகுதான் யோசிக்கிறோம். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று கேட்பார்களே, அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சாதாரண 1080பி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது சுமார் 20.7 இலட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 இலட்சம். 4கே திரையில் 82.9 இலட்சம், சரியாக 1080பியின் நான்கு மடங்கு. 144 ஹெர்ட்ஸ் என்றால் திரை ஒரு விநாடிக்கு 144 முறை படத்தை மாற்ற முடியும். ஆகவே 4கே திரையின் 144 ஹெர்ட்ஸையும் முழுதாகப் பயன்படுத்த, கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு ஏறக்குறைய 119 கோடி புள்ளிகளை வரைந்து தர வேண்டும். 1080பி, 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 12 கோடியே போதும். தீனி பத்து மடங்கு ஏறுகிறது. தீனி போடுகிற கார்டு மட்டும் பழையதுதான்.

என் அறை நண்பன் சென்ற ஆண்டு இப்படி ஒரு 4கே திரையை வாங்கினான். பருவத்துக்கு வந்த கடனுதவியில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. அவனுடைய மடிக்கணினியில் இருந்தது தொடக்கநிலை கிராபிக்ஸ் கார்டு. "மச்சான், படம் கண்ணாடி மாதிரி இருக்குடா, ஆனா ஆள் நகரவே மாட்டேங்கிறான்" என்றான். கடைசியில் விளையாட்டின் தெளிவை 1080பிக்கு இறக்கி வைத்துத்தான் விளையாடினான். காசு கொடுத்து வாங்கிய நான்கு புள்ளிகளில் மூன்று வீண். மடிக்கணினியின் எச்டிஎம்ஐ இணைப்போ பழைய 2.0 வகை. அது 4கே படத்தை முழு வண்ணத்தோடு 60 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பும். 144 என்ற எண் பெட்டியிலேயே தங்கிவிட்டது. அந்த மாதக் கடைசியில் அவன் இரவுச் சாப்பாடு மேகி மீதான்.

சரி, ஹெர்ட்ஸ் கூடக் கூட விளையாட்டு மேம்படாதா? மேம்படும்; ஓர் அளவு வரை. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸில் 6.9. இந்தப் பத்து மில்லி விநாடிக் குறைவைக் கண் உடனே உணரும். ஒருமுறை பழகிவிட்டால் 60க்குத் திரும்ப மனம் வராது. ஆனால் 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு. கவுண்டர் ஸ்ட்ரைக் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அதுவும் முக்கியம்தான். ஆனால் அவர்களில் பலர் பயன்படுத்துவது 24, 25 அங்குல 1080பி திரை. அதிலும் 1280 பெருக்கல் 960 என்று தெளிவைக் குறைத்து ஆடுகிறவர்கள் ஏராளம். உலகத்தரமான ஆட்டக்காரர் வேகத்துக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்கிறார். நாமோ இரண்டும் வேண்டும் என்கிறோம், அதுவும் கடனில்!

பெட்டியில் அச்சிடும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். '1 மில்லி விநாடி' என்பது பெரும்பாலும் மிகச் சாதகமான அமைப்பில் அளந்தது. அந்த அமைப்பில் ஓட்டினால் நகரும் உருவத்தின் பின்னே வெள்ளை நிழல் படர்வதுண்டு. 'டிஸ்பிளே எச்டிஆர் 400' என்பது வீசா அமைப்பின் சான்றிதழ்ப் படிகளில் கீழ்ப்படி. திரையின் இருண்ட பகுதியை மட்டும் தனியே மங்கச் செய்யும் வசதி அதற்குக் கட்டாயமில்லை. ஆகவே இருட்டுக் காட்சி சாம்பல் நிறமாகவே தெரியலாம். 'எச்டிஎம்ஐ 2.1' என்று எழுதியிருந்தாலும் அதன் எல்லா வசதிகளும் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை என்பது 2021 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவனுக்கு உண்மையும் தெரிவதில்லை.

இவற்றையெல்லாம் விட 'ஃபிரீசிங்க்' போன்ற ஒத்திசைவு வசதியே மாணவர்களுக்கு அதிகம் பயன்படும் என்பேன். கார்டு திணறி 70, 90 என்று படங்கள் ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். படம் கிழிந்தது போல் தெரியாது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் இவ்வகைத் திரைகளோடு ஒத்துழைக்கின்றன. மலிவான திரையிலும் இது கிடைக்கிறது. ஆனால் விளம்பரத்தில் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

"இப்போதே பெரிதாக வாங்கிவிட்டால் பிறகு மாற்ற வேண்டாமே" என்பது பலர் வைக்கும் வாதம். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கித் தருகின்றன, ஆகவே பழைய கார்டும் சமாளிக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதில் உண்மை உண்டு, ஆனாலும் கார்டில் நினைவகம் போதவில்லை என்றால் அதுவும் கைகொடுக்காது. முதல் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2024இல்தான் 32 அங்குல, 240 ஹெர்ட்ஸ், 4கே ஓஎல்இடி திரைகள் சந்தைக்கு வந்தன. அதற்கு முந்திய ஆண்டு 'இனி மாற்றவே வேண்டாம்' என்று வாங்கியவர் இன்று என்ன சொல்வார்?

தமிழ்க் கழகத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. விளையாடும் அதே திரையில்தான் நாம் இடுபணி எழுதுகிறோம், இந்த மலருக்குப் பக்கம் அமைக்கிறோம். 27 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தாம். ஆங்கில எழுத்து அதில் தப்பித்துக்கொள்ளும். நம் எழுத்தின் சுழிகள் தப்பாது. மூன்று சுழியா இரண்டு சுழியா என்று ணகர னகரத்துக்குத் திரையை முட்டிக்கொண்டு மெய்ப்பு பார்த்த இரவுகள் எனக்கு உண்டு. அதே அளவில் 1440பி என்றால் 109 புள்ளிகள்; சுழியும் மேற்புள்ளியும் தெளிவாக நிற்கின்றன. ஓஎல்இடி திரையின் கறுப்பு அழகுதான். ஆனால் சிலவற்றில் எழுத்தோரம் வண்ணக் கீற்று தெரியும். ஒரே பக்கம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் நாளடைவில் தடம் பதியும் ஆபத்தும் உண்டு.

ஆகவே என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது 27 அங்குலம், 1440பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ், ஒத்திசைவு வசதி. இன்று ஆயிரம் ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. சுடும் விளையாட்டு மட்டுமே ஆடுகிறவர் 24 அங்குல 1080பியிலேயே நிற்கலாம். 4கே வேண்டுமென்றால் முதலில் கார்டுக்குக் காசு சேருங்கள்.

வாங்கி வந்தவுடன் விண்டோஸ் அமைப்பில் ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். பல கணினிகளில் அது 60இலேயே நிற்கும். நாமாகத்தான் மாற்ற வேண்டும். எங்கள் விடுதியில் ஐந்து அறைகளில் நான் பார்த்தபோது மூன்றில் 60தான்.