கப்பல் காத்திருக்காது, சார்!

தாத்தா காலத்தில் கப்பலில் சிங்கப்பூர் போவது என்றால் அது 'ரஜூலா'தான். 1926-ல் கட்டிய கப்பல். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு என்று தொட்டுக்கொண்டு போகும். டெக் டிக்கெட் வாங்கியவர்கள் ஜமக்காளம், தலையணை, ஊறுகாய் ஜாடி சகிதம் ஏறுவார்கள். 1970-களின் தொடக்கத்தோடு அந்தக் கதை முடிந்துபோனது. இப்போது நாம் என்ன செய்கிறோம்? அதே சிங்கப்பூருக்கு ஃப்ளைட்டில் போய், அங்கே கப்பல் ஏறி, எங்கேயும் போகாமல், ஏறின இடத்திலேயே இறங்குகிறோம். அதற்குத்தான் காசு!

கேலி பண்ணவில்லை, சார். குடும்பத்தோடு போகிறவர்களுக்கென்றே கப்பல் விடும் டிஸ்னி கம்பெனி, 'டிஸ்னி அட்வெஞ்சர்' என்ற கப்பலுக்கு சிங்கப்பூரைத் தாய்வீடாக்கியிருக்கிறது. 2 லட்சம் டன்னுக்கு மேல். சுமார் 6,700 பயணிகள். முதலில் 2025 டிசம்பர் 15-ல் கிளம்பும் என்றார்கள், அப்புறம் 2026 மார்ச் 10 என்று தள்ளிவைத்தார்கள். மூன்று இரவு அல்லது நான்கு இரவு. நடுவில் துறைமுகமே கிடையாது. கடலில் ஒரு சுற்று, மறுபடி சிங்கப்பூர். சென்னையிலிருந்து நாலு, நாலரை மணி நேர ஃப்ளைட் தூரத்தில் இப்படி ஒன்று நின்றால் நம்ம ஆள் சும்மா இருப்பானா? லீவ் சரண்டர் பண்ணின பணம், போனஸ், மாமனார் மனமிரங்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நான் பி.காம். எதையும் யூனிட் காஸ்ட் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. நாலு இரவு டூர் என்றால் முதல் நாள் மதியம் ஒரு மணிக்கு ஏறி, ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 91 மணி நேரம். தூக்கம் 32. மிச்சம் 59. குடும்பத்துக்கு மூன்று லட்ச ரூபாய் செலவு என்றால், கண் விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஐயாயிரம் ரூபாய்! நீங்கள் வாங்குவது கேபின் இல்லை, சாப்பாடு இல்லை. மணிகளைத்தான் வாங்குகிறீர்கள். அந்த மணிகளைத் தின்பது கடல் அலையோ புயலோ அல்ல. ஒரு சூட்கேஸ், ஒரு பிளாஸ்டிக் கார்டு, ஒரு கைக்கடிகாரம்.

சூட்கேஸிலிருந்து ஆரம்பிப்போம். டெர்மினலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு சீட்டு கட்டி அனுப்பிவிடுவார்கள். அது உங்கள் கேபின் வாசலுக்கு வந்து சேர மூன்று மணியும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம். ஆறாயிரம் பேர் பெட்டி, சார்! நீங்கள் மேல் டெக்குக்குப் போகிறீர்கள். நீச்சல் குளம் பளபளவென்று இருக்கிறது. கூட்டம் இன்னும் வரவில்லை. பையன், "அப்பா, குளிக்கலாமா?" என்கிறான். டிராயர் எங்கே? பெட்டிக்குள்ளே. பெட்டி எங்கே? பகவானுக்குத்தான் தெரியும். மூன்று மணி நேரம், பதினைந்தாயிரம் ரூபாய், குளத்தங்கரையில் உட்கார்ந்து மற்றவர் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்தே கரைந்துவிடும்.

ஆகவே கையோடு ஒரு பை. அதில் நீச்சல் டிரஸ், குழந்தைக்கு ஒரு செட் மாற்றுத் துணி, சார்ஜர், பாஸ்போர்ட். முக்கியமாக மருந்து. அம்மாவின் இன்சுலின், அப்பாவின் பிரஷர் மாத்திரை இவற்றைப் பெரிய பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஆறு மணிக்குள் வந்துடும்மா" என்று சமாதானம் சொல்லாதீர்கள். இந்த இடத்தில் கணக்கு ரூபாயில் இல்லை.

ஒரு வேளை இது உங்கள் வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பலாம்: வீட்டில் செய்த பலகாரத்துக்கு அனுமதி இல்லை. புளியோதரை, தயிர்சாதம், மாமியார் ராத்திரி கண்விழித்துச் சுட்ட முறுக்கு எதுவும் ஏறாது. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட் என்றால் விடுவார்கள். மாமியாரிடம் இதை யார் சொல்வது என்பது உங்கள் குடும்ப விஷயம். அயர்ன் பாக்ஸ், கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் இவையும் தடை. கப்பலில் அவர்கள் அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு அல்ல, நெருப்புக்கு.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். டிஸ்னியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு தினம் ஒரு ரெஸ்டாரண்ட் என்று உங்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் பரிமாறுகிற ஆள் மட்டும் உங்களோடவே வருவார். முதல் ராத்திரியே அவரிடம் மனசு விட்டுப் பேசிவிடுங்கள். வெறுமனே 'வெஜிடேரியன்' என்று சொல்லி நிறுத்தினால் போதாது. மீன் கூடாது, கறி வெந்த தண்ணீரில் செய்த சூப் கூடாது, முட்டை கேக்கில் இருந்தால் பரவாயில்லை, கண்ணால் பார்த்தால் கூடாது என்று விளக்கமாகச் சொல்லுங்கள். கேட்டால் மறுநாளைக்கு இந்திய சமையலாகவே ஏற்பாடு பண்ணுவார்கள். நாலாம் நாள் கேட்பவர்களுக்கு இறங்குகிற நேரத்தில் பருப்பு வரும்!

சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஏறக்குறைய மாலை 5.45. நம் ஊரில் அது பஜ்ஜி டைம். சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் அதை எடுங்கள், சாப்பிட்டு, ஷோ பார்த்து, தூங்கிவிடும். இல்லாவிட்டால் எட்டேகால் பந்திதான் நமக்கு லாயக்கு. இதை டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும். பல கேபின்களில் டாய்லெட் தனி, குளியல் தனி என்று இரண்டு கதவு வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு கிடையாது. விஞ்ஞானிக்கு ஒரு கும்பிடு.

அடுத்து கார்டு. ஏறும்போதே ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுப்பார்கள். அதுதான் ரூம் சாவி, அதுதான் பர்ஸ். பணம் கண்ணில் படாது. நீட்டினால் பொருள் வரும். கல்யாணமான புதிதில் க்ரெடிட் கார்டு வாங்கியவர்களுக்கு இந்த உணர்ச்சி புரியும். எது இனாம், எது காசு என்று முதல் நாளே தெரிந்துகொண்டால் மற்ற நாலு நாளும் தலைக்குள் கால்குலேட்டர் ஓடாது. டிக்கெட் காசிலேயே அடங்கியவை: பெரிய ரெஸ்டாரண்ட்கள், பஃபே, கூல்டிரிங்க்ஸ், ஷோ, நீச்சல் குளம், மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான க்ளப். தனிக் காசு: மதுபானம், ஸ்பெஷல் காபிக்கடை, பெரியவர்களுக்கு மட்டுமான ரெஸ்டாரண்ட், ஸ்பா, போட்டோ, வைஃபை. கேசினோ கிடையவே கிடையாது, உங்கள் வீட்டம்மா நிம்மதியாக இருக்கலாம்.

டிப்ஸை மறந்துவிடாதீர்கள். ஃப்ளோரிடா பக்கம் கிளம்பும் கப்பல்களில் ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 15 டாலரை ஒட்டி கணக்கில் ஏற்றுவார்கள். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான்! நாலு பேர், நாலு ராத்திரி என்றால் 240 டாலர். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். இதைக் கடைசி நாள் பில்லில் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வதைவிட, ஊரில் பட்ஜெட் போடும்போதே ஒரு வரி எழுதிவைப்பது உடம்புக்கு நல்லது.

நெஞ்சைப் பிடிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பலில் டாக்டர் உண்டு. பீஸ் டாலரில். ஆபீஸ் கொடுத்த மெடிக்ளெய்ம் கார்டை அங்கே நீட்டினால் அழகாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். வெளிநாட்டுப் பயண இன்ஷூரன்ஸ் தனியாக எடுங்கள், பெற்றோரை அழைத்துப் போனால் கட்டாயமாக.

செல்போன் சமாசாரம் அதைவிட மோசம். கரை மறைந்ததும் உங்கள் போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம், பேரனைக் காட்டி அத்தை அனுப்பிய பதினெட்டு வீடியோ இறங்கினாலே போதும். ஏறியதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, கப்பல் வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். கம்பெனியின் ஆப்பில் அன்றைய புரோகிராம் பார்ப்பதும், கப்பலுக்குள்ளேயே ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் அனுப்புவதும் இனாம். மேனேஜருக்கு மெசேஜ் போகாது. அது குறையா நிறையா, நீங்களே சொல்லுங்கள்.

பச்சைக் குழந்தை வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆறு மாதம் ஆகாத குழந்தையை ஏற்ற மாட்டார்கள். டயப்பர் கட்டும் பிள்ளையைப் பெரிய நீச்சல் குளத்தில் இறக்க விட மாட்டார்கள், நீச்சலுக்கென்று விற்கிற டயப்பர் ஆனாலும் சரி. அதற்கென்று தண்ணீர் பீச்சியடிக்கும் இடம் தனியாக இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நர்சரி உண்டு, மணிக்கு இவ்வளவு என்று காசு.

தலைசுற்றல், வாந்தி பயமா? கேபினைக் கப்பலின் நட்டநடுவில், கீழ்த் தளமாகப் பார்த்து எடுங்கள். ஊஞ்சலில் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவில்லையா, அதே கதை. தலை சுற்றினால் தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் விற்கும் இஞ்சி மரப்பா நாலு சீல் பாக்கெட் பையில் இருக்கட்டும். மாத்திரை என்றால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி வந்த பிறகு போடுவதைவிட முன்னாலேயே போடும் மாத்திரைக்குத்தான் பலன்.

இவ்வளவு நேரம் மணிக்கு ஐயாயிரம் என்று கணக்குப் போட்ட நானே, ஒரு அரை மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள் என்பேன். கப்பல் கிளம்புவதையொட்டி ஒரு பயிற்சி நடக்கும். ஆபத்து வந்தால் எந்த இடத்தில் கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட் எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். நம் ஆட்களுக்கு இது என்.சி.சி. பரேடு மாதிரி ஒரு தொல்லை. பாத்ரூமில் ஒளிந்துகொண்டால் தப்பிக்கலாமா என்று யோசிப்பார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிக் கவிழ்ந்தது. 32 பேர் செத்துப்போனார்கள். அன்று சாயங்காலம்தான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது அந்த நாள் விதி. அதன் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்பே, அல்லது கிளம்பிய உடனேயே நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். அதைக் கேட்டால் பெட்டியைத் தேடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடம் எது என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும், தாத்தா பாட்டி உட்பட, தெரிந்திருக்கட்டும்.

கடைசியாகக் கைக்கடிகாரம். 'மதியம்தானே கப்பல், காலையில் போய் இறங்கினால் போதும்' என்று ராத்திரி ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போடுகிறவர் பலர். ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சமாம்! மீனம்பாக்கத்தில் ஃப்ளைட் நாலு மணி நேரம் லேட் என்றால் மூன்று லட்சமும் உங்கள் கண்ணெதிரே கடலில் போய்க்கொண்டிருக்கும். முதல் நாளே போய்ச் சேருங்கள். விசாவில் 'மல்டிபிள் என்ட்ரி' இருக்கிறதா என்றும் பாருங்கள். கப்பல் ஏறினால் சிங்கப்பூரைவிட்டு வெளியே போனதாகக் கணக்கு. இறங்கினால் புதிதாக உள்ளே வந்ததாகக் கணக்கு.

அமெரிக்காவில் மச்சான் வீட்டுக்குப் போய், ஃப்ளோரிடாவில் போர்ட் கனாவெரலில் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே பஹாமாஸ் பக்கம் நஸாவ், டிஸ்னியின் சொந்தத் தீவான காஸ்ட்அவே கே என்று நடுவில் இறக்கிவிடுவார்கள். இத்தனை மணிக்குள் திரும்ப ஏற வேண்டும் என்று எழுதிப்போட்டிருப்பார்கள். உங்கள் போன் கரையில் வேறு நேரம் காட்டலாம், கப்பலின் கடிகாரம்தான் சட்டம். லேட்டானால் பாலத்தில் மூட்டையோடு ஓட வேண்டியதுதான். மேல் டெக்கில் நிற்பவர்கள் கைதட்டி உற்சாகப்படுத்துவார்கள், ஏணியை மட்டும் பிடித்து வைக்க மாட்டார்கள். பீச் - தாம்பரம் கடைசி ரயிலைக் கோட்டைவிட்டால் ஷேர் ஆட்டோ இருக்கிறது. இங்கே அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் நீங்களே போய்ச் சேர வேண்டும்.

கடைசி ராத்திரி பெரிய பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் போட்டுக்கொள்ள சட்டை பேண்ட்டை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். பைஜாமாவோடு இமிக்ரேஷனில் நின்ற ஆசாமிகள் உண்டு. பில்லை அன்று ராத்திரியே ஆப்பில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், தப்பு இருந்தால் அப்போதே கவுண்டரில் கேளுங்கள், காலையில் அங்கே ரேஷன் கடை மாதிரி கியூ நிற்கும். ஊருக்குத் திரும்பும் ஃப்ளைட்டை மத்தியானத்துக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு இறங்கினாலும் டாக்ஸிக்கு உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் நிற்பார்கள்.