பிணை கேட்ட மன்னன்

மாக்னா கார்ட்டா என்னும் மகா சாஸனத்தைப் பற்றிப் பேசுவோர், இங்கிலாந்தின் பிரபுக்கள் அனைவரும் நீதிமான்கள் போலவும், ஜான் மன்னன் ஒருவனே கொடியவன் போலவும் சொல்வது வழக்கம். வில்லியம் டி பிரேயோஸ் என்ற பிரபுவின் குடும்பக் கதையை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

ஸஸெக்ஸிலுள்ள பிராம்பர் கோட்டை இவனுக்குப் பிதிரார்ஜிதம். வேல்ஸ் எல்லைப்புறத்திலும் கோட்டைகள் பல உண்டு. 1175-ம் ஆண்டில் ஸைஸில் என்னும் வேல்ஸ் சிற்றரசனையும் அவன் பரிவாரத்தையும் அபர்கவென்னி கோட்டைக்கு வரவழைத்து, அங்கேயே வெட்டி வீழ்த்தச் செய்தான். ஸைஸிலின் சிறு மகனையும் அவனுடைய ஆட்கள் விட்டுவைக்கவில்லை. அழைப்பை நம்பி வந்தவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா?

ஜான் பட்டத்துக்கு வந்ததும் வில்லியத்துக்கு யோகம் பிறந்தது. 1201-ல் அயர்லாந்தில் லிமெரிக் பிரதேசத்தை மன்னன் 5,000 மார்க் விலைக்கு அவனுக்குக் கொடுத்தான். தவணைகள் நின்றன, மன்னன் கேட்கவில்லை. தயவு இருக்கும் வரையில் கடன் ஏட்டில் உறங்கும். 1202-ல், ராஜ்யத்துக்கு உரிமை கோரிய தன் அண்ணன் மகன் ஆர்தரை ஜான் சிறைப்பிடித்தபோது வில்லியமும் உடனிருந்தான். மறு ஆண்டில் ஆர்தர் மறைந்தே போனான்.

1208-ல் மன்னனின் மனம் திரும்பிற்று. உறங்கிய கடன் விழித்துக்கொண்டது. பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கச் சொல்லி ஆட்களை அனுப்பினான். அண்ணன் மகனைக் கொன்றவனிடம் தன் பிள்ளைகளைத் தருவதற்கில்லை என்று வில்லியத்தின் மனைவி மட்டில்டா அவர்கள் முகத்துக்கு நேரே கூறினாள் என்று ரோஜர் என்ற துறவி எழுதியிருக்கிறார். 1198-ல் வேல்ஸ் படையை எதிர்த்துக் கோட்டையைக் காத்து நின்ற வீராங்கனை அவள். நாவை அடக்கத்தான் தெரியவில்லை.

குடும்பம் அயர்லாந்துக்கு ஓடிற்று. 1210-ல் மன்னன் படையுடன் அங்கும் வந்தான். ஸ்காட்லாந்துக்குத் தப்பிச் சென்ற மட்டில்டாவும் மூத்த மகனும் பிடிபட்டார்கள். விடுதலைக்கு விலை பெருந்தொகை! பணம் வரவில்லை. அந்தோ, தாயும் மகனும் சிறையில் உணவின்றி மாண்டனர். வில்லியம் பிச்சைக்காரன் வேஷத்தில் பிரான்ஸுக்குத் தப்பி, 1211-ல் அங்கே இறந்தான்.

1215-ல் பிறந்த மகா சாஸனத்தின் 39-வது விதி, சுதந்திர மனிதன் எவனையும் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இன்றிச் சிறைப்படுத்தலாகாது என்கிறது. அதை வற்புறுத்திய பிரபுக்கள் மட்டில்டாவை மறந்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. வில்லியத்தின் மகன் ஜைல்ஸ், ஹெரிபோர்டு பிஷப்பாக இருந்தும், கலகக்காரர் பக்கமே நின்றான். பண்ணையடிமைகளான குடியானவர்கள் அந்தச் ‘சுதந்திர மனிதர்’ கணக்கில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றொரு மகன் ரெஜினால்டு, வேல்ஸ் அரசன் லூவெலினின் மகளையே மணந்தான். அவனுடைய முதல் தாரத்து மகன், பாட்டன் பெயர் கொண்ட வில்லியம், லூவெலினின் ராணி ஜோனின் அந்தரங்க அறையில் அகப்பட்டு 1230-ல் தூக்கிலிடப்பட்டான். ஜோன் வேறு யாருமல்லள், ஜான் மன்னனின் மகளேதான். தூக்கிலிட்ட கையோடு லூவெலின் அவன் விதவைக்கு ஓர் ஓலை அனுப்பினான்: முன்பு நிச்சயித்தபடி அவள் மகளைத் தன் மகனுக்குக் கொடுக்க இன்னமும் சம்மதந்தானா என்று. அந்த விவாகம் நடந்தேறியது.