பாலை விட்டவர்களும் முட்டைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும்

பால் வேண்டாம், நெய் வேண்டாம், தேன்கூட வேண்டாம் என்கிற இளைஞர்கள் இன்று நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள். தங்களை வீகன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கூட்டம் முடிந்து தேநீர்க் கடைக்குப் போனால் வரக்காப்பி கேட்கிறார்கள். முற்போக்கு நண்பர்கள் பலர் அவர்களைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள்: இது பார்ப்பனியத்தின் புதுச் சட்டை. இந்த இதழ் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆனால் அப்படியொரு சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குமேல் புலால் உண்பவர்கள். இருந்தும் சென்னையில் வீடு தேடிப் போகிறவரிடம் வாடகைக்கு முன்னால் சாப்பாட்டைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சியோடு சேர்த்து ஆராய்ந்து அம்பேத்கர் 1948இல் ஒரு நூலே எழுதினார். 2015இல் தாத்ரியில் வீட்டில் மாட்டிறைச்சி இருப்பதாக ஒரு வதந்தி கிளம்பியது, ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். நம் ஊரிலும் 2003இல் ஆடு, கோழி பலிக்குத் தடை வந்தது. தூங்கிக்கிடந்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுப்பிக் கிராமத்துச் சாமிகளின் வாசலில் போலீசை நிறுத்தினார்கள். மறு ஆண்டே அந்தச் சட்டத்தையே நீக்க வேண்டியதாயிற்று. இத்தனையையும் பார்த்தவர்களுக்கு, உயிர்களிடம் இரக்கம் என்று யார் பேசினாலும் உடம்பு கூசத்தான் செய்யும்.

ஆனால் வீகன்கள் கைவைப்பது பாலில். சாதிச் சைவத்தின் தூய்மை முழுவதும் பாலிலும் நெய்யிலும்தான் நிற்கிறது. அபிஷேகம் பால், பிரசாதம் நெய், விருந்தின் கடைசிச் சோறு தயிர். அந்தப் பால் எப்படி வருகிறது என்று தொழுவத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சினை ஊசி போட்டுப் பிறக்கும் ஜெர்சிக் கலப்பில் கெடேரி விழுந்தால் வீட்டில் மகிழ்ச்சி. காளைக்கன்று விழுந்தால் முகம் வாடிவிடும். திமில் இல்லாத அந்தக் கன்று ஏருக்கு ஆகாது, ஏரே இல்லாத ஊரில் எதற்கும் ஆகாது. முட்ட விட்டுப் பால் இறங்கியதும் கன்றை இழுத்துக் கட்டுகிறார்கள். பிறகு அதற்குப் பாலும் குறையும், பராமரிப்பும் குறையும். செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்தி, அது நக்கிக்கொண்டிருக்கும்போதே கறந்ததை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். கறவை நின்ற மாடு அடிமாடாகச் சந்தைக்குப் போகிறது. பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசி லாரியில் ஏற்றுகிறார்கள். வெண்மைப் புரட்சி 1970இல் தொடங்கியது. இன்று பால் உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு. எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் இருக்கிறோம். இரண்டும் ஒரே தொழுவத்திலிருந்து வருபவை. பால் குடிப்பவர் கறி தின்பவரை இழிவாகப் பார்க்க எந்த நியாயமும் இல்லை. இதை ஒரு வீகன் வாய்விட்டுச் சொல்லும்போது, பார்ப்பனியம் இத்தனை காலம் மூடி வைத்திருந்த இடத்தையே திறந்து காட்டுகிறார்.

அதே தொழுவத்தில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். நிலம் இல்லை, ஒற்றை மாடு இருக்கிறது. விடியுமுன் கறந்து சொசைட்டியில் ஊற்றி, வாரம் கழித்து வரும் பணத்தில்தான் பள்ளிக் கட்டணமும் மருந்தும். கிழமாட்டை விற்றால்தான் அடுத்த மாட்டுக்கு முன்பணம். 2017 மே மாதம் ஒன்றிய அரசு, சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கக்கூடாது என்று விதி போட்டபோது முதல் அடி அவளுக்குத்தான் விழுந்திருக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாதத்தில் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மிருகவதைத் தடுப்பின் பேரால் போடப்பட்ட விதி அது. ஆனால் மாட்டுக்கோ அந்தப் பெண்ணுக்கோ அதில் எந்த நன்மையும் இல்லை.

இரக்கத்துக்கும் தடைச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காந்தி அறிந்திருந்தார். கறவை மாடுகளுக்கு நடக்கும் கொடுமையைப் படித்தறிந்து 1912இல் பாலை விட்டவர் அவர். பின்னாளில் கடும் நோயில் ஆட்டுப்பாலுக்கு இணங்க நேர்ந்ததைக் கடைசிவரை ஒரு குறையாகவே சுமந்தார். அதே காந்தி 1947 ஜூலையில், பசுவதைத் தடைச் சட்டம் கொண்டுவரச் சொல்லித் தந்திகள் குவிந்தபோது, அப்படியொரு சட்டத்தைக் கேட்க மறுத்துவிட்டார். தன் விரதத்தைப் பிறர்மேல் சட்டமாக ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

தமிழில் இந்த இரக்கத்துக்கு இன்னும் பழைய வழி உண்டு. மணிமேகலையின் ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போனவன். வேதியர்கள் அவனை அடித்தார்கள், பிறப்பைச் சொல்லி இழித்தார்கள், வளர்த்த தந்தையே வீட்டைவிட்டுத் துரத்தினான். அவன் மதுரைக்குப் போய்ப் பிச்சை எடுத்துக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டினான். அமுதசுரபி அவன் கையில்தான் வந்து சேர்ந்தது. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. புலால் மறுத்தலை அவ்வளவு வற்புறுத்திய வள்ளலார், புலால் உண்பவரே பசியென்று வந்தாலும் சோறு போட வேண்டும் என்றார். சாதியை மறுத்தவர் அவர். இந்த மரபில் கொல்லாமைக்கு முன்னால் பசி நிற்கிறது. பசியைக் கேட்காமல் பேசும் கொல்லாமையை இவர்கள் இருவரும் தங்களுடையதென்று ஏற்றிருக்க மாட்டார்கள்.

ஆகவே சத்துணவு முட்டையில் இந்த இதழுக்குத் தயக்கமே இல்லை. 1989இல் இரு வாரங்களுக்கு ஒன்றாகத் தொடங்கி, 2010இல் வாரம் ஐந்து ஆயிற்று. மத்தியப் பிரதேச முதல்வர் 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கிடையாது என்றார். 2021இல் கர்நாடகத்தில் பள்ளி முட்டையை மடாதிபதிகள் எதிர்த்தார்கள். கொட்டைகளும் பி12 மாத்திரையும் வாங்க முடிந்தவர் முட்டையை விடலாம். கூலிக்காரரின் பிள்ளைக்கு அந்த ஒரு முட்டைதான் அன்றைய நல்ல புரதம்.

இப்படிச் சொல்லிவிட்டு, முட்டை வரும் நாமக்கல் பண்ணைகள் பக்கம் பார்க்காமல் இருந்துவிடவும் முடியாது. கோழிக்கு ஓர் ஏ4 தாளின் அளவுகூட இடமில்லாத கம்பிக் கூண்டு, சிறகை விரிக்காமலே முடிந்துபோகும் ஆயுள். முட்டையினச் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். முட்டை பிள்ளையின் தட்டில் இருக்கட்டும், கூண்டு போகட்டும். மொத்தமாகக் கொள்முதல் செய்யும் அரசு நினைத்தால் பண்ணைகளுக்கு நிபந்தனை போட முடியும். இந்தக் கோரிக்கையைப் புலால் உண்பவர்களான நாம்தான் முதலில் எழுப்பியிருக்க வேண்டும். "என் உணவு என் உரிமை" என்பது அரசிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டிய பதில். நாற்பது நாளில் தன் எடையைத் தன் கால்களே தாங்காத பிராய்லர் கோழிக்கு அது பதிலாகாது. வாங்குபவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார் என்று திருவள்ளுவரே புலால் மறுத்தல் அதிகாரத்தில் வாதிட்டிருக்கிறார். அந்த வாதத்துக்கு நம்மிடம் இன்னும் நேரான மறுப்பு இல்லை.

பாலை விட்ட தோழர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்கள் மாடியை வாடகைக்கு விடும்போது சாப்பாட்டைக் கேட்காதீர்கள். பள்ளி முட்டைக்கு எதிராக யார் பேசினாலும், அவர் உயிரிரக்கத்தின் பேரால் பேசினாலும், பிள்ளைகளின் பக்கம் வந்து நில்லுங்கள். மாட்டின் பேரால் ஒருவர் அடிபட்டால், உங்கள் கண்டனம் எங்கள் கண்டனத்துக்கு முன்னால் வரட்டும். கறவை மாடு வளர்ப்பவர்கள், கறிக்கடை வைத்திருப்பவர்கள், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளர்கள், பாலை விட்டவர்கள் எல்லோரும் இந்த விவாதத்தில் எழுத வேண்டும். வரும் இதழில் அதற்குப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.