நெல் வீடு வரும் வேளை

வன்னியில் காலபோக நெல் மாசியில் வீடு வந்ததும் மூட்டையை எண்ணுகிறோம், விலை பேசுகிறோம். உஷ்ரை யார் எண்ணுவது? வருடம் நிறையட்டும் என்று காத்திருக்க இதில் இடமில்லை. நிஸாபை எட்டினால் அறுவடையோடு கடமையாகிவிடும். மழையில் விளைந்ததற்கும், இரணைமடு வாய்க்காலில் தானாக ஓடிவந்த நீரில் விளைந்ததற்கும் பத்தில் ஒன்று. வாட்டர் பம்ப் வைத்துச் செலவழித்து இறைத்திருந்தால் இருபதில் ஒன்று. இரண்டும் சரிபாதியானால் நூறு மூட்டைக்கு ஏழரை.

"உரச் செலவே தலைக்கு மேல், மௌலவி!" என்பீர்கள். உண்மைதான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது விதைப்புக் காலம் வந்துவிட்டது. அந்தப் போகம் விளைச்சல் விழுந்தது. விளைச்சல் குறைந்தால் உஷ்ரும் குறையும். நிஸாபுக்குக் கீழே போனால் கடமையே இல்லை. ஆகவே கடைக்காரர் கடனுக்கு மூட்டை ஏறுமுன் கணவரிடம் கேளுங்கள்: இந்த வயலுக்கு நீர் எப்படி வந்தது?